நோத்ர தாம்: கோடரி செதுக்கிய கூரை

[திரையில்: இரவு, எரியும் கூரை]

2019 ஏப்ரல் 15, மாலை. பாரிஸில் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை பற்றிக்கொண்டது. இரவு 8 மணி ஆவதற்குள் ஊசிக் கோபுரம் முறிந்து, கல் விதானத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது அந்தக் கல் விதானம்தான். அதற்கும் மேலே, யார் கண்ணிலும் படாமல், 800 ஆண்டுப் பழமையான ஓக் உத்தரங்கள் இருந்தன. அத்தனை மரம் இருந்ததால் அதன் பெயரே ‘காடு’. எரிந்துபோனது அந்தக் காடுதான்.

[திரையில்: உருகிப் பின்னிய இரும்புக் குழாய்கள்]

உடனே கட்டத் தொடங்க முடியவில்லை. கோபுரத்தைப் பழுதுபார்க்கக் கட்டியிருந்த இரும்புச் சாரம், சுமார் 40,000 குழாய்கள், சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அப்படியே நின்றது. அது சரிந்தால் மிச்ச விதானமும் போச்சு. கயிற்றில் தொங்கியபடி தொழிலாளர்கள் குழாய் குழாயாக அறுத்து எடுத்தார்கள். 2020 ஜூனில் ஆரம்பித்த வேலை நவம்பரில்தான் முடிந்தது.

சரி, புதுக் கூரையை எதில் கட்டுவது? முதல் உலகப் போரில் எரிந்த, பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகரத் தேவாலயக் கூரைக்குக் கான்கிரீட் சட்டம்தான் போட்டார்கள். இங்கே மறுபடியும் ஓக் மரமே என்று முடிவானது. என்னைக் கேட்டால், சரியான முடிவு. ஏனென்றால் பழைய காட்டை 2014லேயே இரண்டு கட்டடக் கலைஞர்கள் உத்தரம் உத்தரமாக அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். எந்தக் கட்டை எங்கே எப்படிப் பொருந்தியது என்பது கையில் இருந்தது.

[திரையில்: கோடரி இறங்குகிறது, சிலாம்பு தெறிக்கிறது]

பிரான்ஸ் முழுவதிலிருந்தும் சுமார் 2,000 ஓக் மரங்கள் வந்தன. நடுக்கூடத்துக்கான கட்டைகளைத் தச்சர்கள் கோடரியால் சதுரமாக்கினார்கள், அதுவும் ஈரம் காயாத பச்சை மரத்தில். ரம்பம் நேர்கோட்டில் போகும், குறுக்கே வரும் நாரை அறுத்துவிடும். கோடரி நாரின் போக்கிலேயே போகும். மரம் லேசாக வளைந்திருந்தால் உத்தரமும் அதே வளைவோடு வரும், வலு குறையாது. 13ஆம் நூற்றாண்டுத் தச்சனும் இப்படித்தான் செய்தான்.

2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறந்தது. ஆனால் கூரையில் எல்லாமே பழையபடி இல்லை. அந்த உத்தரங்களுக்கு இடையே இப்போது தண்ணீர்க் குழாய்கள் ஓடுகின்றன. தீப்பொறி கிளம்பினால் பனிபோல நீர்த்திவலை தூவ.