தொப்பி போட்ட பேக்மேன்

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட பேக்மேன் ஆட்டத்தை அறியாதவர் குறைவு. மஞ்சள் வட்டமாக ஒரு வாய் சந்துபொந்துகளில் ஓடிப் புள்ளிகளைத் தின்னும். நான்கு பேய்கள் அதைத் துரத்தும். காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டிக்குள் இருந்த இதுபோன்ற ஆட்டங்களை, உரிமையாளரிடம் ஒரு சொல்லும் கேளாமல், வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

இவற்றைத் திருட்டுப் பிரதிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பாட்டு கேசட்டை இன்னொரு கேசட்டில் பதிவதைப் போன்ற வேலை அல்ல இது. பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிக்கு ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஸ்னாப்பர் என்ற பேக்மேன் நகலையே எடுத்துக்கொள்வோம். பேக்மேன் பெட்டியில் இருந்தது இசட்80 செயலி. பிபிசி மைக்ரோவில் இருந்தது 6502 என்ற வேறொரு செயலி. ஒன்றுக்கு எழுதிய கட்டளை மற்றதற்குப் புரியாது. ஆகவே, திரையில் நடப்பதைக் கண்ணால் பார்த்து, அதே நடப்பைத் தரும் வேறொரு நிரலை முதலிலிருந்து எழுதுவதைத் தவிர வழியே இல்லை.

எழுதுவதற்கு இடமும் தாராளமாக இல்லை. அந்தக் கணினியின் பி மாடலில் இருந்த மொத்த நினைவகம் 32 கிலோபைட். எட்டு நிறங்களும் திரையில் வேண்டுமென்றால், அந்தப் படத்துக்கே 20 கிலோபைட் போய்விடும். கணினி தன் சொந்த வேலைக்கு மூன்றரை வைத்துக்கொள்ளும். மிஞ்சிய எட்டரை கிலோபைட்டுக்குள் பேய்களும் சந்துகளும் ஒலியும் மதிப்பெண் கணக்கும் அடங்கியாக வேண்டும். பேக்மேன் பெட்டியிலோ நிரலுக்கு மட்டுமே 16 கிலோபைட் இருந்தது. உருவங்களை நகர்த்திக் காட்டத் தனி மின்சுற்றும் இருந்தது. வீட்டுக் கணினியில் அந்த வசதி கிடையாது. பேய் ஓர் அடி நகர்ந்தால் பழைய பேயை அழிப்பதும், புதிய இடத்தில் வரைவதும் செயலியின் தலையில்தான் விழும். போதாக்குறைக்கு, பெட்டியின் திரை நெட்டையானது, வீட்டுத் தொலைக்காட்சி குட்டையானது. அதனால் வரைபடத்தையே அமுக்கிச் சுருக்க வேண்டியிருந்தது. (இதே பிபிசி மைக்ரோ, 1980களின் நடுவில் பள்ளிகளில் கணினியை அறிமுகப்படுத்திய நடுவண் அரசின் கிளாஸ் திட்டத்தின் வழியாக நம் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றுக்கும் வந்தது, அதன் மேல்வரிசைச் சிவப்பு விசைகள் நேயர்களில் சிலருக்கு நினைவிருக்கக்கூடும்.)

ஆட்டத்தைப் பார்ப்பதிலும் பல படிகள் உண்டு. நான்கு பேய்களும் ஒரே மாதிரி துரத்துவதில்லை: ஒன்று நேராக நம்மைக் குறிவைக்கிறது, இன்னொன்று நமக்கு நான்கு கட்டம் முன்னே குறிவைக்கிறது, வேறொன்று அருகில் வந்ததும் விலகிப்போகிறது. பக்கச் சுரங்கத்தில் பேய்களின் வேகம் குறையும். மூலையில் பேக்மேன் சற்று முன்னதாகவே சாய்ந்து திரும்பிவிடும். பேய்களால் அது முடியாது. இதையெல்லாம் எந்தக் கையேடும் சொல்லவில்லை. சுமாரான நகல்களில் பேய்கள் கண் தெரியாதவைபோல் அலைவதைப் பார்த்தால், அவற்றை எழுதியவர் ஆட்டத்தின் படத்தை மட்டும் கவனித்தார், நடையைக் கவனிக்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

சில ஆட்டங்களில் கையின் பழக்கத்தையும் பெயர்த்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. விண்கலத்தில் பறந்து சுடும் ஆட்டமான, வில்லியம்ஸ் நிறுவனத்தின் டிஃபெண்டர் பெட்டியில் மேலும் கீழும் போக ஒரு கோலும், மற்றவற்றுக்கு ஐந்து பொத்தான்களும் இருந்தன. ஏகார்ன்சாஃப்ட் அதை முதலில் டிஃபெண்டர் என்ற பெயரிலேயே வெளியிட்டு, பிறகு பிளானடாய்டு என்று மாற்றியது. அதில் ஏ மேலே, இசட் கீழே, ஷிஃப்ட் வேகம், ஸ்பேஸ் திசைமாற்றம், ரிட்டர்ன் சுடுதல், டேப் வெடிகுண்டு, எச் ஒரே தாவலில் வேறிடம். கேட்கும்போது தலை சுற்றும். ஆனால் பெட்டியிலும் விரல்களுக்கு இதே நெருக்கடிதான் என்பதால் விசைப்பலகை அதற்குப் பொருந்தியே போயிற்று.

வழக்குகள் வரத் தாமதமாகவில்லை. வீட்டுப் பதிப்புகளுக்கான உரிமையை நாம்கோவிடம் பெற்றிருந்த அமெரிக்க நிறுவனம் அட்டாரி. ஆன்லைன் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ஜாபிரேக்கர் என்ற நகலில் தின்னும் வாய் பல்வரிசையாக மாறியிருந்தது. புள்ளிகள் தீர்ந்ததும் பல்துலக்கி வந்து பல் தேய்த்துவிட்டுப் போகும். அதற்குத் தடை கேட்டு அட்டாரி நீதிமன்றம் போனபோது, இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கேம் கன்சோலுக்கு வந்த கே.சி. மன்ச்கின் என்ற ஆட்டத்தின் மேல் அட்டாரி தொடுத்த வழக்கில், 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. சந்துபொந்து வரைபடமும் மதிப்பெண்ணும் பொதுவான ஆட்டக் கருவிகள் என்று ஏற்றுக்கொண்ட அதே நீதிமன்றம், தின்னும் உருவமும் பேய்களும் மூலத்தை மிகவும் ஒத்திருக்கின்றன என்று கண்டது. அதாவது ஆட்டத்தின் நடையை யாரும் எடுத்துக்கொள்ளலாம், முகத்தை எடுக்கக் கூடாது.

ஸ்னாப்பருக்கு நேர்ந்ததும் இதுவேதான். முதல் பதிப்பில் உருவங்கள் அப்படியே பேக்மேனாக இருந்ததால் அதைத் திரும்பப் பெற்றார்கள். மறுபடி வந்தபோது மஞ்சள் முகத்துக்குக் குட்டைக் கால்கள் முளைத்திருந்தன, தலையில் பச்சைத் தொப்பி ஏறியிருந்தது, பேய்கள் ஒல்லி மனிதர்களாகிவிட்டன. சந்துகளில் ஓட்டம் மட்டும் பழைய ஓட்டம்தான். நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று பிரிட்டன் சட்டத்தில் வெளிப்படையாக எழுதியது 1985இல்.

ஆப்பிள் 2 கணினியில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. டாக்ஸ்மேன் என்ற பெயரில் 1981இல் அனுமதியில்லாமல் ஒரு பேக்மேன் வந்தது. அட்டாரி அதன் மேல் வழக்குத் தொடுத்து வென்றது. பின்னர் ஆப்பிள் 2 கணினிக்கு முறையான பேக்மேனைத் தானே வெளியிட வேண்டி வந்தபோது, புதிதாக எதையும் எழுதிக்கொண்டிருக்காமல், நீதிமன்றம் வரை இழுத்துப்போன அந்த டாக்ஸ்மேன் நிரலையே அதற்கு எடுத்துக்கொண்டது. வணக்கம்.