டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூர்த் தேக்காவில் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தே தலை நரைத்த ஆள் நான். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்டது ஒன்றுதான்: "ஏங்க, சென்னைக்கு ஒன்றரை மணி நேரம்தானா?"

டிக்கெட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். காலை 8 மணிக்கு இங்கே சாங்கி விமான நிலையத்தில் கிளம்பி 9.30க்குச் சென்னையில் இறங்குவதாகப் போட்டிருக்கும். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இந்தியக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, அதையும் சேர்த்தால் நான்கு மணி நேரம். திரும்பி வரும்போது அதே நான்கு மணி நேரம் ஆறரையாக வீங்கி நிற்கும். என் சொந்த அத்தையே, இத்தனைக்கும் நான் டிக்கெட் போட்டுக் கொடுத்தது, சென்னையில் ராத்திரி 11 மணிக்கு ஏறினால் மூன்று மணிக்கு இறங்கிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டு மகனைச் சாங்கிக்கு வரச் சொல்லிவிட்டார். விமானம் இறங்கியது 5.30க்கு. பையன் மூன்று கோப்பி குடித்துவிட்டுக் காலையில் முதல் போன் எனக்குத்தான் போட்டான்.

சரி, தூரத்துக்கு வருவோம். சென்னைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். திருச்சி தெற்கே இருக்கிறதே, அதுதான் கிட்டே என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை கிழக்கே தள்ளிக் கடலோரத்தில் இருக்கிறது, அதனால் திருச்சிதான் கொஞ்சம் தூரம், 2,980 பக்கம் வரும். மதுரை 3,000ஐத் தாண்டிவிடும்.

மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால் சென்னைக்கு மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. இங்கே விமானம் நிற்கும் இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை எல்லாம் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, அப்புறம் இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது. காற்றும் சும்மா இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, நல்ல உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. பி. கோட்டேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் 1950களில் அதை விவரித்து எழுதினார். அந்த மாதங்களில் ஊருக்குப் போகிறவரை அது தள்ளிவிடும், திரும்புகிறவரை இழுத்துப் பிடிக்கும்.

அந்த இரண்டரை மணி நேரமும் ஆதியிலிருந்து இருந்ததில்லை. 1981 முடியும்வரை வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர்க் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். சூரியனைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும். நாம் தீர்க்கரேகை 104 பாகையில், சென்னை 80இல். பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 96 நிமிடம்தான் வருகிறது. நம் கடிகாரம் சூரியனை முந்திக்கொண்டு ஓடுகிறது; இங்கே பல நாள் காலை ஏழு மணியாகியும் சூரியன் எழாமல் இருப்பது இதனால்தான்.

ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கில் நின்று, ஒரு வாரம் போலக் கடலில் கிடந்து இங்கே வந்த பெரியவர் ஒருவர் ஒருமுறை என்னிடம் டிக்கெட் எடுத்தார். "நாலு மணி நேரம்தாங்க ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வீட்டிலேயே பசியாறிட்டு ஏறினா போதும்" என்றார்.