மரத்துக்குக் குடை பிடித்த பாலம்

அவையோருக்கு வணக்கம்.

மரப்பாலத்துக்குக் கூரை எதற்கு? நடப்பவர் நனையாமல் போகத்தான் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தக் கூரை மரத்துக்காகப் போட்டது. உத்தரமும் முட்டுக்காலும் கூடும் மூட்டில் மழைநீர் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பிறகு மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். ஈரம் படாமல் காத்துவிட்டால் அதே மரம் தலைமுறைகளைத் தாங்கும். கூரை நைந்தால் ஓடுகளை மாற்றலாம், உத்தரம் உளுத்தால் பாலமே போய்விடும். இந்தக் கணக்கைத் தச்சர்கள் என்றோ போட்டுவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் ராய்ஸ் ஆற்றின் மேல் நிற்கும் 'கபெல்புரூக்கே' என்ற மரப்பாலம் அந்தக் கணக்குக்குச் சாட்சி. அருகிலுள்ள புனித பேதுரு சிற்றாலயத்தின் பெயரால் 'சிற்றாலயப் பாலம்'. 14ஆம் நூற்றாண்டில் நகரக் கோட்டையின் ஓர் அங்கமாகக் கட்டினார்கள். லூசெர்ன் ஏரிப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருப்பதைப் பாருங்கள். பகைவர் ஏரி வழியாக வருவார்கள் என்ற அச்சம் அந்தப் பலகைகளில் இன்றும் தெரிகிறது. பாலத்தை ஒட்டி ஆற்றுக்குள் நிற்கும் எண்கோணக் கோபுரம் பாலத்தைவிட மூத்தது. சுமார் 34 மீட்டர் உயரம். அது கருவூலமாகவும் சிறையாகவும் இருந்திருக்கிறது.

பாலத்துக்குள் நடந்து அண்ணாந்து பாருங்கள். முகட்டுக்குக் கீழே, கைமரங்கள் கூடும் முக்கோண இடைவெளிக்குள் அளவாக வெட்டிப் பொருத்திய ஓவியப் பலகைகள் வரிசையாக வரும். 17ஆம் நூற்றாண்டில் ஹான்ஸ் ஹைன்ரிக் வேக்மானின் கைவண்ணம். பெரும்பாலும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பலகை. நகரத்தின் வரலாறும் அதன் காவல் புனிதர்களின் கதையும் படமாக இருக்கும். கீழே செய்யுள் எழுதியிருக்கும். சந்தைக்குப் போகிறவர் தலைக்கு மேலேயே ஊர் வரலாற்றைப் படித்துக்கொண்டு போனார். கோயில் மண்டபத்து விதானத்தில் ஓவியம் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாடு சட்டென்று புரிந்தது.

இரு கரையிலும் நிலம் தூர்த்து நகரம் வளர, பாலத்தின் நீளம் குறைந்தது. இன்று சுமார் 204 மீட்டர்.

1993 ஆகஸ்ட் 17-18 இரவு பாலம் தீப்பிடித்தது. நூற்றாண்டுகளாக மழையைத் தடுத்த கூரையே அன்று தீக்கு வழியாகிவிட்டது: உலர்ந்த மரம், நீண்ட கூடம், கைமரத்திலிருந்து கைமரத்துக்குத் தாவியது நெருப்பு. கோபுரம் தப்பியது, பாலத்தின் பெரும்பகுதி கரியானது. அங்கிருந்த ஓவியங்களில் முழுமையாகச் சீரமைக்க முடிந்தவை 30 மட்டுமே. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

லூசெர்ன் மக்கள் அதன் இடத்தில் கான்கிரீட்டைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. மறுபடியும் மரத்தை அறுத்தார்கள், உத்தரம் ஏற்றினார்கள், ஓடு வேய்ந்தார்கள். எட்டே மாதத்தில், 1994 ஏப்ரலில், பாலம் திறந்தது.