காயம் ஏன் மெதுவாக ஆறியது?

வணக்கம் நேயர்களே. 1995-ல் அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து ஒரு சின்ன ஆய்வு வெளிவந்தது. மறதி நோய் கண்ட உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள் ஒரு பக்கம். அதே வயதில், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள் இன்னொரு பக்கம். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறும்வரை கவனித்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறிய காயம், நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆற 9 நாள் கூடுதலாக ஆனது.

26 பேர்தானே என்று தோன்றும். ஆனால் பின்னால் வந்த பல ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டின. மன அழுத்தம் ஓயாமல் இருந்தால், கார்டிசால் போன்ற ஹார்மோன்களின் போக்கு மாறுகிறது. காயத்தைச் சரிசெய்ய வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலை மந்தமாகிறது. அந்தப் பெண்களுக்கு மருந்தோடு, கொஞ்சம் ஓய்வும் தோள் கொடுக்க ஓர் ஆளும் வேண்டியிருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது; உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் முழுமையாக நலமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 1948-ல். பெரிய மனதோடு எழுதப்பட்ட வரையறை அது. ஆனாலும் அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 'முழுமையாக' என்று வைத்துக்கொண்டால், 20 வருடமாகச் சர்க்கரை நோயோடு வேலையும் குடும்பமும் நண்பர்களுமாக வாழும் ஒருவரை நலமானவர் என்று சொல்லவே முடியாது. எனக்கு அவர் நலமானவர்தான்.

1976-ல் பில் ஹெட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் நலத்தை ஆறு பக்கமாகப் பிரித்தார்: உடல், உணர்ச்சி, அறிவு, உறவு, வேலை, ஆன்மிகம். அப்புறம் வந்தவர்கள் பணத்தையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆறா எட்டா என்பது பெரிய விஷயமில்லை. ஒன்று சரிந்தால் அதன் வலி இன்னொன்றில் தெரியும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கடன் கவலை தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் பசியும் கோபமும் கூடும். கோபம் கூடினால் வீட்டில் பேச்சு குறையும்.

இவற்றில் நாம் அதிகம் அலட்சியப்படுத்துவது உறவைத்தான். 2010-ல், 148 ஆய்வுகளில் கலந்துகொண்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நல்ல உறவுகள் உள்ளவர்கள், அந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகமாக இருந்தது. உறவு ஒன்றே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உப்பைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர்களாகிய நாங்கள், "மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள்?" என்றும் கேட்டாக வேண்டும்.

நாங்கள் கேட்கவில்லையா, நீங்களே சொல்லுங்கள். தலைவலி என்று வந்தால், இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், வேலையில் என்ன நெருக்கடி, வீட்டில் யாரைக் கவனித்துக்கொள்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயது வந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். படுக்கையில் இருக்கும் ஒருவரை நீங்கள் பார்த்துக்கொள்பவர் என்றால், வாரத்தில் சில மணி நேரமாவது அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், காய்ச்சலுக்குப் போவதுபோலவே அதற்கும் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.