பிரித்த சைலேஜ் கட்டு எத்தனை நாள் தாங்கும்?

விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

பசும்புல் கிடைக்காத கோடையில் மக்காச்சோள சைலேஜ் கட்டு, அதாவது பசுமையாக வெட்டி, காற்றுப் புகாத உறைக்குள் இறுக்கிப் புளிக்கவைத்த தீவனம், வாங்கிக் கறவை மாட்டுக்குப் போடுகிறோம். 50 கிலோ கட்டும் உண்டு, 400 கிலோ கட்டும் உண்டு. இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள், விலை சற்று மலிவாக இருந்தாலும், பெரிய கட்டு வாங்க வேண்டாம். கணக்குப் பாருங்கள். மாட்டுக்கு 15 கிலோ வீதம் மூன்று மாட்டுக்கு நாளுக்கு 45 கிலோ. 400 கிலோ தீர ஒன்பது நாள் ஆகும். நம் வெயிலுக்குப் பிரித்த கட்டு இரண்டு மூன்று நாளிலேயே சூடேறிவிடும்.

ஏன் சூடேறுகிறது? காற்றுப் புகாத உறைக்குள் லாக்டிக் அமிலம்தான் தீவனத்தைக் காக்கிறது. உறை கிழிந்து காற்றுப் பட்டதும், உறங்கிக்கிடந்த ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அந்த அமிலத்தையே தின்று பெருகும். அமிலம் குறைந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கட்டுக்குள் கையை ஒரு சாண் ஆழம் விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சத்து எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆகவே இரண்டு நாளில் தீரும் அளவுள்ள கட்டாகப் பார்த்து வாங்குங்கள். பிரித்த பிறகு ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். கிளறிவிட்டால் உள்ளே காற்றுப் போகும்.

வாங்கும்போது ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். சாறு சொட்டினால் ஈரம் மிகுதி. தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாக விரிந்தால் பதம் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துபோனது. அது சரியாக இறுகியிருக்காது, காற்றும் உள்ளே தங்கியிருக்கும். நிறம் பசுமை கலந்த மஞ்சளாகவும், வாசம் இளம் புளிப்பாகவும் இருக்க வேண்டும். கெட்ட வெண்ணெய் நாற்றம் அடித்தாலோ, பிசுபிசுத்தாலோ வேண்டாம்.

இறக்கும்போது மூட்டைக்குப் போடுவதுபோல் கொக்கி போட்டு இழுக்காதீர்கள். ஓர் ஓட்டை போதும், அதைச் சுற்றிக் கெட்டுவிடும். கண்ட ஓட்டையை அன்றைக்கே, இதற்கென்று விற்கும் நாடாவால் ஒட்டுங்கள். சாதாரண நாடா வெயிலில் கழன்றுவிடும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் அடுக்க வேண்டாம், எலி அங்கிருந்துதான் வரும்.

புதிதாகத் தொடங்கும்போது முதல் நாள் 3 கிலோ போடுங்கள். பத்து நாளில் 15 கிலோவுக்கு ஏற்றுங்கள். திடீரென்று முழு அளவைக் கொட்டினால் பெருவயிற்றில் அமிலம் கூடி, மாடு தீவனம் எடுக்காது, சாணம் இளகிப்போகும். அதோடு 3 அல்லது 4 கிலோ வைக்கோல் கட்டாயம் வேண்டும், அசைபோடுவதற்கு. மக்காச்சோள சைலேஜில் மாவுச்சத்து நிறைய, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. புண்ணாக்கையும் தாது உப்புக் கலவையையும் நிறுத்திவிட்டு இதை மட்டுமே நம்பினால் பால் இறங்கும். பால் கறந்த பிறகே போடுங்கள், இல்லையென்றால் பாலில் அந்த வாசம் ஏறும். மூன்று மாதம் நிரம்பாத கன்றுக்கு வேண்டாம்.

பூஞ்சணம் பிடித்த பகுதியை மட்டும் கிள்ளிப்போட்டால் போதாது, அதைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு எடுத்து எருக்குழியில் தள்ளுங்கள். மாடு வேண்டாம் என்று ஒதுக்கியதை ஆட்டுக்குப் போடும் வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். மண் கலந்து கெட்ட சைலேஜில் வளரும் லிஸ்டீரியா கிருமி ஆட்டை எளிதில் தாக்கும். தலை சாய்ந்து, ஒரே பக்கமாக வட்டம் சுற்றி, பிறகு படுத்துவிடும்.

கட்டைப் பிரிக்கும்போது உறைக்கு உள்ளே இருக்கும் வலையையும் கயிற்றையும் முழுதாக உருவி எடுத்துவிடுங்கள். அரிவாளால் கொத்திப் பிரித்தால் துணுக்குகள் தீவனத்தோடு கலந்துவிடும். பெருவயிற்றில் சேரும் வலை செரிக்காது. உருண்டு திரண்டு அடைத்துக்கொண்டால், கால்நடை மருத்துவர் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.