டாக்டர பாக்க ஃப்ரீயா கார் தந்தாங்க, ஆனாலும் ஏன் வரல?

வீட்டு வாசலுக்கே கார் வரும், ஒரு பைசா தர வேணாம், டாக்டர பாத்துட்டு கார்லயே திரும்பிடலாம்னு சொன்னா யாராவது போகாம இருப்பாங்களா? இருந்தாங்க மக்களே!

2018ல வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி இது. மேற்கு பிலடெல்பியாவுல, வருமானம் கம்மியா இருக்கவங்களுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டுல இருந்த 786 பேர ரெண்டு குழுவா பிரிச்சு, 394 பேருக்கு போன் போட்டு ஆப்ல புக் பண்ற கார் ஃப்ரீன்னு சொன்னாங்க, மீதி 392 பேர வழக்கம்போல விட்டுட்டாங்க. அப்பாயின்ட்மென்ட்ட தவறவிட்டவங்க எத்தனை பேர் தெரியுமா? இந்தப் பக்கம் 144, அந்தப் பக்கமும் 144! மூணு தடவ திரும்பப் படிச்சேன் நான்.

எனக்கு மனச உறுத்துறது அந்த போன் கால்தான். 394 பேர்ல 288 பேர்தான் எடுத்தாங்க. யோசிச்சுப் பாருங்க, கார் ஃப்ரீதான், ஆனா அது ஃப்ரீன்னு தெரியவே போன்ல சார்ஜ் இருக்கணும், நம்பர் கட் ஆகியிருக்கக் கூடாது, வேலை நடுவுல போன் எடுக்க முதலாளி விடணும், தெரியாத நம்பர்னா கடன்காரனோன்னு பயந்து கட் பண்ணாம இருக்கணும். சரி, எடுத்தாச்சு. குழந்தைய யார்கிட்ட விடுறது? அன்னிக்கு சம்பளம் போச்சுன்னா ராத்திரி அடுப்பு எரியுமா? கார் வாசல்ல நின்னாலும் இந்தக் கேள்வியெல்லாம் வீட்டுக்குள்ளயேதான நிக்குது!

சாப்பாடு, வீடு, போக்குவரத்து, கரண்ட் பில், வீட்டுக்குள்ள பாதுகாப்பு, இதத்தான் சமூகத் தேவைகள்னு சொல்றாங்க, ஒண்ணு இல்லாத வீட்டுல பெரும்பாலும் இன்னொண்ணும் இருக்காது.

சில கிளினிக்ல ரெண்டு மூணு தடவ வரலன்னா அபராதம், இல்லன்னா நோயாளிங்க லிஸ்ட்ல இருந்து பேரையே எடுத்துடுறாங்க. இது ரொம்பத் தப்புங்க. ஸ்காட்லாந்துல 2019ல வந்த ஆராய்ச்சில, நாள்பட்ட மனநலப் பிரச்சனை மட்டும் இருந்து வருஷத்துக்கு ரெண்டு அப்பாயின்ட்மென்ட்டுக்கு மேல தவறவிட்டவங்களுக்கு, ஒண்ணு கூட தவறவிடாதவங்கள விட இறக்குற ஆபத்து 8 மடங்குக்கும் மேல இருந்துச்சு. வராதவங்கதான் ரொம்ப ஆபத்துல இருக்காங்க, அவங்களையா வெளிய தள்றது?

ரிசப்ஷன்ல வேலை பாக்குறவங்க யாராவது இத பாத்தீங்கன்னா, அடுத்த தடவ "ஏன் வரல"க்கு பதிலா "வர்றதுக்கு என்ன தடையா இருந்துச்சு"ன்னு கேட்டுப் பாருங்க, என்ன பதில் வந்துச்சுன்னு கமென்ட்ல எழுதுங்க, எல்லாத்தையும் படிக்கிறேன்.