உலோக அணைவுச் சேர்மங்கள்: மரபணுவைச் சுமப்பதும் இறக்குவதும்

அவைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

மரபணுவைச் செல்லுக்குள் கொண்டு சேர்ப்பதில் வைரஸ்கள் கைதேர்ந்தவை. ஆயினும் 1999இல், பென்சில்வேனியா பல்கலைக்கழக மரபணுச் சிகிச்சைச் சோதனையொன்றில் அடினோவைரஸ் வழியே மரபணு செலுத்தப்பட்ட 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர், கடுமையான நோயெதிர்ப்பு வினையால் நான்கே நாள்களில் உயிரிழந்தார். வைரஸ் அல்லாத ஊர்திகளின் தேவையை அந்த மரணம் அழுத்தமாக உணர்த்தியது. அவற்றுள் அதிகம் பேசப்படாத உலோக அணைவுச் சேர்மங்களையே, அதாவது நடுவிலுள்ள உலோக அயனியை ஈனிகள் எனப்படும் மூலக்கூறுகளோ அயனிகளோ சூழ்ந்து பிணைந்திருக்கும் சேர்மங்களையே, இன்று எடுத்துக்கொள்கிறேன்.

டி.என்.ஏ.வின் ஒவ்வொரு கார இணைக்கும் பாஸ்பேட்டுகளால் இரண்டு எதிர்மின்சுமைகள் உண்டு. 4,361 கார இணைகள் கொண்ட ஒரு பிளாஸ்மிட்டில், அதாவது வளைய வடிவச் சிறு டி.என்.ஏ.வில், இவை எட்டாயிரத்துக்கும் மேல். அவை ஒன்றையொன்று விலக்குவதால் அந்த இழை விரிந்தே கிடக்கும். ஆறு அம்மோனியா ஈனிகள் சூழ்ந்த கோபால்ட் அயனி, அதாவது 1913இல் நோபல் பரிசு பெற்ற ஆல்ஃபிரட் வெர்னர் ஆராய்ந்த அதே வகைச் சேர்மம், மூன்று நேர்மின்சுமைகளுடன் வந்து அச்சுமைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைச் சமன்செய்ததும், இழை சுருண்டு உளுந்து வடையைப் போல நடுவில் துளையுள்ள நுண்துகளாகிவிடுகிறது.

ஆய்வகத்தில் இதைக் காண்பது எளிது. டி.என்.ஏ.வை மின்புலத்தால் நகரச் செய்யும் அகரோஸ் ஜெல்லில் சேர்மத்தின் செறிவு ஏற ஏற, நகர்ந்துகொண்டிருந்த டி.என்.ஏ. பட்டை குழியிலேயே தங்கிவிடும். அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'மரபணு ஊர்தி' என்று தலைப்பிடுவது, என் கருத்தில், அவசரம். இரத்தத்தில் இருக்கும் அளவு உப்பே சிறிய அயனிகளின் பிடியைத் தளர்த்திவிடும். நீண்ட ஹைட்ரோகார்பன் வாலைச் சேர்த்தால் பிடி இறுகும். ஆனால் அதே வால் செல் சவ்வையும் குலைக்கக்கூடும். புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினைப் போல டி.என்.ஏ.வின் காரங்களுள் ஒன்றான குவானினோடு சகப்பிணைப்பில் இணைவதும் உதவாது, ஏனெனில் படியெடுக்க முடியாத மரபணுவைச் சுமந்து பயனில்லை.

சுமையை இறக்குமிடத்தில்தான் உலோகத்தின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. +3 நிலையிலுள்ள கோபால்ட் தன் ஈனிகளை எளிதில் விடாது. ஓர் எலெக்ட்ரானைப் பெற்று +2 நிலைக்கு ஒடுக்கப்பட்டால் உடனே விட்டுவிடும், மின்சுமையும் குறையும். செல்லுக்குள் ஒடுக்கும் தன்மையுள்ள குளுட்டாதயோன் மில்லிமோலார் அளவிலும், இரத்தப் பிளாஸ்மாவில் மைக்ரோமோலார் அளவிலும் இருப்பதால், ஒடுக்க மின்னழுத்தம் பொருந்தும்படி ஈனிகளைத் தேர்ந்தால் வெளியே பிடித்திருந்து உள்ளே விடும் சேர்மத்தை வடிவமைக்க இடமுண்டு. அத்தகைய சேர்மத்தை, சீரம் கலந்த ஊடகத்தில் வளரும் செல்களில், கொண்டுசேர்த்த மரபணு வேலை செய்வதைக் காட்டும் லூசிஃபெரேஸ் நொதியின் ஒளிர்வு எவ்வளவு, பிழைத்த செல்கள் எத்தனை என்ற இரண்டையும் ஒருசேர அளந்தே மதிப்பிட வேண்டும்.